குறிப்புக்கான கட்டம்

காலை ஆறு. ஏரி மட்டம் நாற்பத்தொன்று.
மேகம் பாதி வானம். காற்று மேற்கிலிருந்து.
வானொலிப் பெட்டியில் சொல்கிறேன்.
கீழே நகரத்து அலுவலகத்தில் மர்லென்
கொட்டாவியோடு திருப்பிச் சொல்கிறான்:
"நாற்பத்தொன்று. டீ குடித்தாயா, உல்மெக்கென்?"

அலாத்தாவ் மலையின் தோளில்
பனியாறு உருகித் தேங்கிய ஏரி. நான் அதன் காவல்.
காவல் என்றால் பார்ப்பது.
கரை உடைந்தால் தடுக்க என்னிடம் இருப்பவை
அளவுக் கம்பம், டார்ச், சிவப்புப் பொத்தான்,
இடிக்குப் பயந்து கட்டிலடியில் ஒளியும்
மொய்னாக் என்ற நாய்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'.
எவரும் படிப்பதில்லை என்று தெரிந்த வருடம்
அதில் ராத்திரி விளக்குகளை எழுத ஆரம்பித்தேன்.
பள்ளத்தாக்கின் வாயில் முப்பத்து நான்கு.
அடுத்த கோடையில் இருநூற்றுப் பத்து.
அப்புறம் விரல் விட்டு எண்ண முடியவில்லை,
எண்ணிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தெரு முளைத்தது.
இப்போது இருட்டை எண்ணுகிறேன்.
அது சுலபம்.
போன வாரம் ஐந்து. நேற்று நான்கு.

ஆப்பிள் மரங்களை வெட்டிவிட்டுக்
கட்டிய குடியிருப்புக்கு
ஆப்பிள் தோட்டம் என்றே பெயர்.
வாசல் வளைவில் சிமெண்ட் ஆப்பிள் ஒன்று, காம்போடு.
தங்கை பர்ஷின் அங்கே மனை வாங்கினாள்.
முற்றத்தின் நடுவில் லாரி அளவு பாறை.
கிரேன்காரன் சுற்றிப் பார்த்து, காசு வாங்காமல் போனான்.
அதன்மேல் கம்பளத்தைப் போட்டு அடிக்கிறாள்,
பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
"இது எங்கேயிருந்து வந்தது?" சின்னவள் கேட்டாள்.
"இங்கேயே இருந்தது" என்றான் நுர்கஸி,
பத்திரம் கையிலிருக்கும் மனிதனின் குரலில்.

கறித்துண்டை மென்றுகொண்டு
பாறையின் செந்நிற வரியைப் பார்த்தேன்.
என் குடிசைக்குப் பின்னால்
அதே வரி ஓடுகிறது,
நடுவில் ஒரு துண்டு குறைவாக.

சொல்லவில்லை. சொன்னவள்தான் நான், போன ஜூலையில்.
அறுபத்தைந்தில் பொத்தானை அழுத்தினேன்.
ஊரே இரவு உடையில் குன்றேறி நின்றது.
விடியுமுன் ஏரி பனிக்கடியில் ஒரு பொந்து கண்டு
திருடனைப் போல நழுவிப் போயிற்று.
கீழே கணுக்கால் அளவு கலங்கல்.
ரொட்டிக் கடையில் மீதிச் சில்லறையை
என் கையில் தராமல் மேசையில் வைத்தார்கள்.
மனை விலை விழுந்ததாம்.
நுர்கஸி மூன்று மாதம் பேசவில்லை.

இன்றும் ஜூலை.
மதியம் மழை பெய்தது. மேலே பனி பெய்ய வேண்டிய இடத்திலும் மழை.
எட்டு மணிக்கு ஐம்பத்தெட்டு.
பத்துக்கு அறுபத்தொன்று.
நள்ளிரவில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தேன்:
அறுபத்து நான்கு.
ஒரு விரல் அகலம் பாக்கி.
கரையின் மண்ணில் காது வைத்தேன்.
உள்ளே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.
மொய்னாக் கட்டிலடிக்குப் போகவில்லை.
வெளியே நின்று என்னைப் பார்த்தது.

பெட்டியை எடுத்தேன்.
"சொல்லு, உல்மெக்கென்."
"அறுபத்தைந்து."
"சரியாகப் பார்த்தாயா? போன தடவை போல..."
"அறுபத்தைந்து, மர்லென்."
அவன் மூச்சு விடுவது கேட்டது.
இந்த முறை டீயைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகு சங்கு, மலையில் மோதித் திரும்பித் திரும்பி.
ஒரு ஜன்னல். பத்து ஜன்னல். தெருத்தெருவாக.
வண்டிகளின் முகவிளக்குகள் குன்றின்மேல் வளைந்து ஏறின.
கட்டி முடிக்காத மாடிகளில்கூட
கூலியாட்களின் கைப்பேசி வெளிச்சம்.
பர்ஷின் எந்தப் புள்ளி என்று தெரியவில்லை.
என்னைத் திட்டிக்கொண்டே
பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டியிருப்பாள்.

பதிவேட்டைத் திறந்தேன். மட்டத்துக்கான கட்டத்தில்
அறுபத்து நான்கு என்றே எழுதினேன்.
நாளைக்கு விசாரிக்கட்டும்.
கம்பத்தில் தண்ணீர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

கீழே பார்த்தேன்.
இத்தனை விளக்கும் எரிந்தபோதுதான் தெரிந்தது,
மலையிலிருந்து புறப்பட்டு
சிமெண்ட் ஆப்பிளைத் தொட்டுக்கொண்டு
நகரத்துக்குள் வளைந்து போகும் ஆற்றுப் படுகை.

குறிப்பு:
இருட்டு ஒன்று. நீளமானது.